விற்க முடியாத ஓர் அணி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அபுதாபியில் 2025 டிசம்பர் 16-ஆம் தேதி ஐ.பி.எல். ஏலம் முடிந்த மறுநாள், உங்கள் விளையாட்டுப் பக்கம் முழுக்க யார் எத்தனை கோடிக்குப் போனார் என்ற கணக்குதான். கேமரூன் கிரீன் 25 கோடியே 20 லட்சம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தீர்கள். சரி, அதைக் குறை சொல்ல வரவில்லை, நானும் ஒரு வரி விடாமல் படித்தேன். ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்பு, நவம்பர் 16-ஆம் தேதி, கனடாவில் ஓர் அணி 12 வருடம் கழித்துக் கோப்பை வென்றது. அதைப் பற்றி நான் பார்த்த எந்தத் தமிழ்ப் பத்திரிகையிலும் ஒரு துணுக்குகூட இல்லை. கனடா ஆட்டம் நமக்கெதற்கு என்று கேட்பீர்கள். கோப்பையை விடுங்கள், அந்த அணிக்குச் சொந்தக்காரர் யார் என்பது மதுரைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி. அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், வெட்டிப் போட்டாலும் அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அணியின் பெயர் சஸ்காட்சுவான் ரஃப்ரைடர்ஸ். சஸ்காட்சுவான் என்பது கனடாவின் நடுவில் கிடக்கும் ஒரு மாகாணம், கோதுமையும் பருப்பும் விளைகிற சமவெளி. நம் மளிகைக் கடைகளில் கிடைக்கும் மசூர் பருப்பில் கணிசமான பங்கு அங்கிருந்து கப்பலேறி வருவதுதான். தமிழ்நாட்டைப் போல் ஐந்து மடங்கு பரப்பளவு, ஆனால் 2021 கணக்கெடுப்பில் மொத்த ஜனத்தொகையே பதினொன்றே கால் லட்சம் பக்கம்தான். 2011-லேயே நம் மாநகராட்சி எல்லைக்குள் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் இருந்தோம். அணியின் சொந்த ஊரான ரெஜினாவில் சுமார் இரண்டேகால் லட்சம் பேர். அந்த ஊரில் 33,000 பேர் உட்காரும் மைதானம் 2017-ல் திறந்தார்கள். ஆட்ட நாளில் மூன்று நான்கு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு கிராமங்களில் இருந்து விவசாயிகள் வந்து சேருகிறார்கள். எல்லாருக்கும் பச்சை உடை, அதோடு தர்ப்பூசணியைப் பாதியாக வெட்டிக் குடைந்து தலையில் ஹெல்மெட் மாதிரி மாட்டிக்கொள்கிற ஒரு கூட்டம் தனி. என் அக்கா மகன் அங்கே வேலை பார்க்கிறான். முதல்முறை படம் அனுப்பியபோது ஏதோ மாறுவேடப் போட்டி என்றுதான் நினைத்தோம். "இல்ல மாமா, மேட்ச்சுக்குப் போறாங்க" என்றான்.

ஆட்டம் என்ன என்று ஒரு வாய் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கர்கள் ஆடுகிற ஃபுட்பால் தெரியும் அல்லவா, முட்டை வடிவப் பந்தை வைத்துக்கொண்டு முட்டி மோதுவார்களே, அதற்கு ஒன்றுவிட்ட சகோதரன். கனடாவில் பக்கத்துக்கு 12 பேர், அமெரிக்காவில் 11. 10 யார்டு முன்னேற அவர்களுக்கு நான்கு வாய்ப்பு, கனடாவில் மூன்றே மூன்று. மைதானம் 110 யார்டு நீளம், 65 யார்டு அகலம், அமெரிக்க மைதானத்தைவிட நீளமும் அகலமும் அதிகம். மூன்று வாய்ப்புதான் என்பதால் ஆட்டம் சட்டென்று கை மாறும், ஐந்து நிமிடத்தில் எல்லாம் தலைகீழாகும். எனக்குப் பிடித்தது அதுதான். மொத்தம் ஒன்பதே அணிகள், ஜூனில் தொடங்கி அக்டோபர் வரைக்கும் ஓர் அணிக்கு 18 ஆட்டம், அப்புறம் பனி கொட்டுகிற நவம்பரில் பிளே ஆஃப், கடைசியில் கிரே கப் என்கிற இறுதி ஆட்டம். 1909-ல் அன்றைய கவர்னர் ஜெனரல் கிரே பிரபு கொடுத்த கோப்பை அது.

இனி சொந்தக்காரர் விஷயம். ரஃப்ரைடர்ஸுக்கு முதலாளி கிடையாது. 1910-ல் ரெஜினா ரக்பி கிளப் என்று ஆரம்பித்த சங்கம், இன்றைக்கும் லாப நோக்கமில்லாத அமைப்பாகவே நடக்கிறது. அணிக்குப் பணம் தேவைப்பட்டபோது பொதுமக்களுக்குப் பங்கு விற்றார்கள், ஒரு பங்கு 250 டாலர். அந்தப் பங்குக்கு டிவிடெண்ட் வராது, விலை ஏறாது. பிரேம் போட்டுச் சுவரில் மாட்டுவதற்கு ஒரு சான்றிதழும் வருடாந்திரக் கூட்டத்தில் உட்கார்ந்து கை தூக்குகிற உரிமையும்தான் கிடைக்கும். அதற்கும் போட்டி போட்டு வாங்கினார்கள். அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் வாடிவாசலில் முதலில் அவிழ்த்து விடுகிற கோயில் காளையை நினைத்துக்கொள்ளுங்கள். அது யார் வீட்டு மாடும் இல்லை, ஊர் மாடு. தீவனத்துக்கு ஆளாளுக்குக் கொடுப்பார்கள், என்ன விலைக்குத் தருவாய் என்று எந்த வியாபாரியும் கேட்க மாட்டான், கேட்டால் ஊரைவிட்டுப் போக முடியாது. ரஃப்ரைடர்ஸும் அப்படி ஒரு சொத்து.

இது சும்மா அலங்காரத்துக்குச் சொல்கிற பெருமை இல்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அணி கடனில் மூழ்கி, கடையை மூடுகிற நிலைக்கு வந்தது. 1987-ல் தொலைக்காட்சியில் மணிக்கணக்காக நிகழ்ச்சி நடத்தி நன்கொடை கேட்டார்கள், பத்து வருடம் கழித்து 1997-ல் மறுபடியும் கையேந்த வேண்டி வந்தது, அப்போது டிக்கெட் வாங்கியே காப்பாற்றினார்கள். அதே காலத்தில் ஆட்டவா நகரத்தில் கிட்டத்தட்ட இதே பெயரில், ரஃப் ரைடர்ஸ் என்று இன்னோர் அணி இருந்தது (ஒன்பது அணி இருக்கிற லீக்கில் இரண்டுக்கு ஒரே பெயர் வைத்தவர்களை என்ன சொல்ல!). தனியார் முதலாளிகள் கைமாற்றிக் கைமாற்றி 1996-ல் அது இழுத்து மூடப்பட்டது. நூறு வருடத்துக்கு மேல் பழமையான அணி, தலைநகரத்து அணி, பணக்கார ஊர். ரெஜினா பணக்கார ஊரே இல்லை.

ஆனால் கோப்பை என்று பார்த்தால் பாவப்பட்ட அணி. 1966-ல் முதல் கோப்பை, ஆட்டவாவை 29-14 என்று வென்றது. ரான் லங்காஸ்டர் பந்து வீசினார், ஜார்ஜ் ரீட் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ரீட் தன் வாழ்நாளில் 16,116 யார்டு ஓடியவர், 2023-ல் காலமானார், அவர் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் அந்த ஊர்ப் பெரியவர்கள் எழுந்து நிற்பார்களாம். அடுத்த கோப்பைக்கு 23 வருடம் ஆனது. 1989-ல் ஹாமில்டனுடன் 40-40 என்று சமநிலை, கடைசி இரண்டு விநாடி இருக்கும்போது டேவ் ரிட்ஜ்வே உதைத்த பந்து கம்பத்துக்கு நடுவில் போய் 43-40. பிறகு 2007, அப்புறம் 2013-ல் சொந்த ஊரிலேயே ஹாமில்டனை 45-23 என்று துவைத்தார்கள். நூறு வருடத்துக்கு மேல் ஆடி நான்கே கோப்பை.

இந்த நான்கையும்விட அவர்கள் அதிகம் பேசுவது 2009-ல் தோற்றதைத்தான். அதை விவரமாகச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் போன மாதம் அந்த ஊர் ஏன் அப்படி அழுதது என்று புரியாது. கால்கரியில் இறுதி ஆட்டம், எதிரணி மாண்ட்ரியால். நான்காவது கால் பகுதியில் 27-11 என்று ரஃப்ரைடர்ஸ் முன்னிலை. மாண்ட்ரியால் விடாமல் ஏறி வந்து 27-25 ஆக்கிவிட்டது. கடைசி விநாடி, 43 யார்டில் இருந்து மாண்ட்ரியாலின் டேமன் டுவால் உதைக்கிறார், பந்து கம்பத்துக்கு வெளியே போகிறது. ஜெயித்தாகிவிட்டது! பச்சை உடைக்காரர்கள் மைதானத்துக்குள் ஓடுகிறார்கள். பார்த்தால் தப்பு என்று நடுவர் வீசிய கொடி கிடக்கிறது. பன்னிரண்டு பேர் நிற்க வேண்டிய இடத்தில் ரஃப்ரைடர்ஸ் பதின்மூன்று பேர் நின்றிருக்கிறார்கள். பத்து யார்டு தண்டனை, 33 யார்டில் இருந்து மறுபடி உதை, இந்த முறை உள்ளே போனது. 28-27. இதில் கொடுமை என்னவென்றால், அந்த அணியின் ரசிகர்களுக்கு அதற்கு முன்பே செல்லப் பெயர் 'பதின்மூன்றாவது ஆள்'. எங்கள் கூட்டமே ஓர் ஆட்டக்காரனுக்குச் சமம் என்று பெருமையாக வைத்துக்கொண்ட பெயர். அதே எண்ணிக்கையால் கோப்பை போனது. அடுத்த வருடமும் இறுதிக்கு வந்தார்கள், அதே மாண்ட்ரியாலிடம் 21-18 என்று அதையும் விட்டார்கள்.

அந்தத் தோல்வி நடந்த காலத்தில் ஒரு முதலாளி இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஆட்களை மாற்றுவார், பெயரை மாற்றுவார், ஒருவேளை ஊரையே மாற்றுவார்.

சரி, இந்த வருடக் கதைக்கு வருகிறேன். 2022-ல் இறுதி ஆட்டத்தை ரெஜினாவிலேயே நடத்தினார்கள், ஆனால் வீட்டுக்காரர்கள் 6 வெற்றி 12 தோல்வி, பிளே ஆஃப் பக்கமே வரவில்லை, டொரண்டோவும் வினிபெக்கும் வந்து ஆடிவிட்டுப் போயின. 2023-ல் மறுபடி அதே 6-12. அந்த வருடம்தான் மாண்ட்ரியாலில் இருந்து ட்ரெவர் ஹாரிஸ் என்ற குவார்ட்டர்பேக்கை (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவர்) கூட்டி வந்தார்கள், ஜூலையிலேயே அவருக்கு முழங்கால் உடைந்தது. அவருக்கு முன் இங்கே குவார்ட்டர்பேக்காக இருந்த கோடி ஃபஜார்டோ மாண்ட்ரியாலுக்குப் போய், அதே வருடம் அங்கே கோப்பையும் வென்று இறுதி ஆட்டத்தின் சிறந்த வீரர் விருதும் வாங்கினார். ரெஜினாக்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! அப்புறம் பயிற்சியாளரை மாற்றினார்கள், டொரண்டோவில் தடுப்பாட்டத்தைக் கவனித்துக்கொண்டிருந்த கோரி மேஸ் வந்தார். 2024-ல் 9 வெற்றி 8 தோல்வி ஒரு சமன், மேற்குப் பிரிவு இறுதியில் வினிபெக்கிடம் தோல்வி. ஹாரிஸுக்கு மறுபடி முழங்கால் பிரச்சினை, வயது 38, இனிமேல் எங்கே என்றார்கள்.

2025-ல் 12 வெற்றி 6 தோல்வி, மேற்கில் முதலிடம். நவம்பர் 8-ஆம் தேதி சொந்த ஊரில் மேற்குப் பிரிவு இறுதி, பிரிட்டிஷ் கொலம்பியா அணியுடன். ஆட்டம் முடிய விநாடிகள் இருக்கும்போது வரைக்கும் பின்தங்கி இருந்து, ஹாரிஸ் வீசிய பந்தை டாமி ஸ்டீவன்ஸ் பிடித்த டச் டவுனில் (பந்தோடு எதிரணி எல்லைக் கோட்டைத் தாண்டுவது) 24-21. ஸ்டீவன்ஸ் அசல் வேலைக்குத் துணைக் குவார்ட்டர்பேக், பந்தை வீச வேண்டியவர், அன்றைக்குப் பிடித்தார்.

இறுதி ஆட்டம் வினிபெக்கில், எதிரணி மறுபடி மாண்ட்ரியால். 16 வருடம் மனதில் வைத்திருந்த கணக்கு. நமக்கு அது திங்கட்கிழமை விடிகாலை நாலரை மணி, கார்த்திகை ஒன்றாம் தேதி. தெருவில் மாலை போடப் போகிறவர்கள் சரணம் சொல்லிக்கொண்டு போகிறார்கள், நான் ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஹாரிஸ் 27 முறை வீசி 23 முறை சரியாகச் சேர்த்தார், 302 யார்டு. 39 வயதில். கடைசி நிமிடங்களில் மாண்ட்ரியால் எல்லைக் கோட்டுக்கு ஒட்டி வந்துவிட்டது, எனக்கு 2009 ஞாபகம் வந்து வயிற்றைப் பிசைந்தது, அங்கே பந்தைக் கையில் வைத்திருந்தவர் நழுவவிட்டார், ரஃப்ரைடர்ஸ் அள்ளிக்கொண்டார்கள். 25-17. அந்த அணியின் ஐந்தாவது கோப்பை, ஹாரிஸ் சிறந்த வீரர். அக்கா மகன் போனில் கத்தியதில் பாதி புரியவில்லை.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஊருக்குச் சொந்தமான அணி என்றால் வீரர்கள் பச்சை குத்திக்கொண்டு அங்கேயே இருப்பார்கள் என்றெல்லாம் இல்லை. ஃபஜார்டோவும் ஹாரிஸும் இடம் மாறிய கதையே சாட்சி. வீரர்கள் அங்கேயும் வருவார்கள், போவார்கள், சம்பளத்துக்கு உச்சவரம்பும் உண்டு. ஊர்ச் சொத்து என்றால் எந்தக் காலத்துக்கும் பத்திரம் என்றும் சொல்ல முடியாது, எட்மண்டன் அணியும் பல காலம் இப்படி ஊருக்குச் சொந்தமாக இருந்ததுதான், 2024-ல் தனிநபர் ஒருவருக்கு விற்றார்கள். கோப்பைக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தமும் இல்லை. 2024-ல் கோப்பை வென்ற டொரண்டோ பெரிய கம்பெனியின் அணி (அடுத்த வருடமே பிளே ஆஃப் போகாமல் வீட்டுக்குப் போனது, அது வேறு கதை). ஆனால் 6-12, 6-12 என்று தோற்ற வருடங்களில் டிக்கெட் வாங்கியது யார்? டொரண்டோவில் நம் தமிழ் ஜனம் எவ்வளவு இருக்கிறது, அங்கே இருக்கிற என் சிநேகிதர்கள் ஒருவருக்கும் அந்த ஊர் அணி கோப்பை வாங்கியதே தெரியவில்லை. ரெஜினாவில் பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கிறவருக்கும் ஹாரிஸின் முழங்கால் பற்றி ஓர் அபிப்பிராயம் இருக்கிறது.

இன்னொரு வருத்தமும் உண்டு. இந்த செப்டம்பரில் லீக் நிர்வாகம் விதிகளை மாற்றப் போவதாக அறிவித்தது. 2027-ல் இருந்து மைதானம் 110 யார்டில் இருந்து 100 ஆகச் சுருங்குகிறது, இரண்டு முனையிலும் இருக்கிற எண்ட் ஸோன் 20 யார்டில் இருந்து 15, கம்பமும் பின்னால் போகிறது. டச் டவுன் அதிகமாகும், டி.வி.யில் பார்க்க நன்றாக இருக்கும் என்கிறார்கள். மூன்று வாய்ப்பும் 12 ஆளும் அப்படியே இருக்குமாம், அதுவரைக்கும் சந்தோஷம். எனக்கென்னவோ இது அமெரிக்கா பக்கம் எடுத்து வைக்கிற அடி மாதிரிதான் தெரிகிறது. நான் மதுரையில் உட்கார்ந்து கவலைப்பட்டு என்ன ஆகப் போகிறது, விடுங்கள்.

இப்போது நம் ஊர். டி.என்.பி.எல்.லில் மதுரை பெயரில் ஓர் அணி இருக்கிறது, 2018-ல் கோப்பையே வாங்கியது. அந்த வருடம் அணியில் இருந்த ஐந்து பேர் பெயரைச் சொல்லுங்கள் என்று கீழவாசலில் நின்று கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்? ஆட்டம் பார்க்க நத்தம் வரைக்கும் போக வேண்டியிருந்தது என்பது ஒரு காரணம், சிந்தாமணிப் பக்கம் கடந்த அக்டோபரில் தோனி வந்து திறந்த மைதானத்தால் அது மாறலாம். இன்னொரு காரணம், பெயர் மட்டும் நம்முடையது, முடிவெடுக்கிற இடத்தில் நாம் யாரும் இல்லை. சென்னை அணிக்கும் அதே கதைதான். கிரே கப்புக்கு முந்தைய நாள் ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். நல்ல முடிவாகவே இருக்கட்டும். மஞ்சள் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு கத்திய நம்மிடம் ஒரு வார்த்தை கேட்க ஓர் ஏற்பாடும் இல்லை, கேள்வி கேட்கப் போக ஒரு பொதுக்குழுக் கூட்டமும் இல்லை.

கூட்டம் வராது என்று யாரும் சொல்லிவிட முடியாது. இந்த டிசம்பரில் ரேஸ்கோர்ஸ் புது ஹாக்கி மைதானத்தில் ஜூனியர் உலகக் கோப்பை நடந்ததே, இந்தியா சுவிட்சர்லாந்தை 5-0 என்று அடித்த அன்றைக்கு அங்கே எழும்பிய சத்தம் கேட்டவர்களுக்குத் தெரியும். ஜெர்மனி கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டது, நமக்கு வெண்கலம், எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். நீல நிற டர்ஃப் மட்டும் இருக்கிறது. அதில் அடுத்த ஜூன் மாதம் யார் ஆடப் போகிறார்கள்? மதுரை என்று சட்டையில் போட்டுக்கொண்டு, நாம் போய் உட்கார்ந்து கத்துவதற்கு எந்த அணி இருக்கிறது? கபடி எடுத்துக்கொண்டாலும் அப்படித்தான், உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் ஊருக்கு ஊர் அணி இருக்கிறது, திருவிழாவுக்குத் திருவிழா ஆடுகிறார்கள், அதில் தேறுகிற பையன் ஏதாவது ஒரு நகரத்து அணிக்கோ ரயில்வேக்கோ போலீசுக்கோ போய்விடுகிறான், நமக்கு அவன் பெயர்கூடத் தெரிவதில்லை.

ஆகவே என் யோசனை இது. மதுரைக்கென்று ஒரு ஹாக்கி அணியோ கபடி அணியோ, மக்கள் பங்கு போட்டு ஆரம்பிக்க வேண்டும். பங்கு 500 ரூபாய், ஓர் ஆள் இத்தனைக்கு மேல் வாங்கக்கூடாது என்று உச்சவரம்பு வைத்துவிட்டால் பணக்காரர் ஒருவரே மொத்தத்தையும் சுருட்ட முடியாது. 2013 கம்பெனி சட்டத்தில் எட்டாவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது, லாபத்தைப் பங்குதாரர்கள் பிரித்துக்கொள்ளக் கூடாது, நோக்கத்துக்கே செலவழிக்க வேண்டும் என்று வரும் நிறுவனங்களுக்கானது, விளையாட்டை வளர்ப்பதும் அந்த நோக்கங்களில் ஒன்று. விவரம் தெரிந்த ஆடிட்டர்கள் இந்த ஊரில் நிறைய இருக்கிறார்கள், யாராவது எழுதட்டும். அரசியல்வாதி புகுந்துவிடுவார், சாதிச் சண்டை வந்துவிடும், கணக்கு காட்ட மாட்டார்கள் என்று வாசகர்கள் எழுதுவார்கள், அதெல்லாம் நடக்கக்கூடியதுதான். நிர்வாகிகளை வருடத்துக்கு ஒருமுறை பொதுக் கூட்டத்தில் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கும் விதியை முதலிலேயே எழுதிவிட வேண்டும். ரெஜினாவிலும் வருடா வருடம் கூட்டம் நடக்கிறது. தோற்ற வருடத்தில் அங்கே தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குப் பாவம், நல்ல காலம் இல்லை என்கிறான் அக்கா மகன்.

உங்கள் பத்திரிகை ஒரு பக்கம் ஒதுக்கி இதை விவாதத்துக்கு வைக்கலாமா? அத்தோடு, அடுத்த கனடா சீசன் ஜூனில் தொடங்குகிறது, திங்கள், செவ்வாய்களில் முடிவுகளை ஒரு ஓரமாக நான்கு வரி போட்டாலும் போதும். செப்டம்பர் தொடக்கத்தில் ரெஜினாவுக்கு வினிபெக் வரும், மறுவாரம் இவர்கள் அங்கே போவார்கள், அந்த இரண்டு ஆட்டத்துக்கு மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். பங்கு விற்க ஆரம்பித்தால் என் பெயரில் இரண்டு, வீட்டுக்காரி பெயரில் இரண்டு. அவள் கபடி என்றால்தான் கொடுப்பாளாம், ஹாக்கி வேண்டாமாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
திருநகர், மதுரை.